கணக்கில் வராத எரிச்சல்

1955-இல் ஜெனித் என்ற அமெரிக்க நிறுவனம் 'ஃபிளாஷ்-மேட்டிக்' என்ற ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பி இல்லாத முதல் தொலைக்காட்சி ரிமோட் அதுதான். கைத்துப்பாக்கி போலப் பிடித்துக்கொண்டு, திரையின் நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றைக் குறிபார்த்து வெளிச்சத்தைப் பாய்ச்ச வேண்டும். ஒரு மூலை சத்தத்தை அடைப்பதற்காகவே இருந்தது. ஜெனித்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டுக்கு டிவி விளம்பரங்கள் என்றாலே ஆகாது. எரிச்சலூட்டும் நீண்ட விளம்பரங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயடைக்கலாம் என்பதையே அந்த ரிமோட்டின் சிறப்பாகச் சொன்னார்கள். எங்கே சொன்னார்கள்? விளம்பரத்தில்தான்.

எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. சத்தத்தை அடைக்கும் பொத்தான் இன்னும் இருக்கிறது, அடைக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. ஆனால் விளம்பரம் என்றாலே மக்களுக்கு வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. வேலை தேடுபவர் வேலைவாய்ப்பு விளம்பரங்களை ஒன்றுவிடாமல் படிப்பார். புதுப் படத்தின் டிரெய்லரை லட்சக்கணக்கானோர் தாமாகவே தேடிப்போய்ப் பார்க்கிறார்கள், அதுவும் விளம்பரம்தான். கோபம் வருவது இரண்டு இடங்களில்: கேட்காமல் குறுக்கே வந்து நிற்கும்போது, அப்புறம் பொய் சொல்லும்போது. முதலாவதை நாகரிகக் குறைவு என்றும் இரண்டாவதைக் குற்றம் என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது. விளம்பரத் தொழிலில் வரவு பைசா சுத்தமாகப் பதிவாகிறது. பார்ப்பவரின் எரிச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத செலவை யாரும் குறைக்க மெனக்கெட மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு புதியதல்ல. 1833-இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே தொடங்கிய 'தி சன்' நாளிதழின் விலை ஒரு சென்ட். மற்ற பத்திரிகைகள் ஆறு சென்ட்டுக்கு விற்ற காலம் அது. அச்சிடும் செலவுக்கே போதாத விலையில் கொடுத்து, வாசகர் கூட்டத்தைச் சேர்த்து, அந்தக் கூட்டத்தின் கவனத்தை விளம்பரதாரர்களுக்கு விற்றார் டே. இன்று இலவசமாகக் கிடைக்கும் தேடுபொறி, வீடியோத் தளம், சமூக ஊடகம் எல்லாமே இந்தச் சூத்திரத்தின் வாரிசுகள். ஒப்பந்தம் நியாயமானதுதான், ஒரே ஒரு ஓட்டையைத் தவிர. எவ்வளவு கவனத்தைக் கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. அளவைத் தீர்மானிப்பவர் வாங்கிக்கொள்பவர் மட்டுமே.

1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினித் தயாரிப்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர மின்னஞ்சல் அனுப்பினார். முதல் ஸ்பாம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். புகார்கள் குவிந்தன, வலையமைப்பை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். ஆனால் அந்த மின்னஞ்சலால் கோடிக்கணக்கான டாலருக்கு இயந்திரங்கள் விற்றன என்று தூர்க் பின்னாளில் சொன்னார். பிற்காலத்தில் நடந்தது எல்லாம் இந்தச் சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. எரிச்சல் 400 பேருக்குப் பங்கு போனது, வரவு ஒருவருக்கு.

பாப்-அப் பிறந்த கதையும் இப்படித்தான். 1990-களில் டிரைபாட் என்ற தளத்தில் நிரலாளராக இருந்தவர் ஈத்தன் ஜக்கர்மேன். பயனர்களே பக்கங்களை உருவாக்கிக்கொள்ளும் தளம் அது. ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான ஒரு பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட, அந்த நிறுவனம் கொதித்துப்போனது. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும்படி நிரல் எழுதினார் ஜக்கர்மேன். 2014-இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். நல்ல மனிதர், நோக்கமும் கெட்டதல்ல. விளம்பரதாரரின் பெயர் கெடக்கூடாது என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பிரச்சினை. அதைத் தீர்த்தார். சாளரத்தை மூடிக்கொண்டே இருக்கப்போகிறவர் அந்தப் பேச்சுவார்த்தையில் இல்லவே இல்லை.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரங்கள் 1994 அக்டோபரில் வந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பது விளம்பர உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கணக்கு. இன்றைக்குப் பேனர் விளம்பரங்களுக்கு ஒரு சதவீதம் கிடைத்தாலே கொண்டாட்டம். நடுவில் என்ன நடந்தது? மக்கள் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். பேனர் போலத் தெரியும் எதையும் கண் தானாகவே தாண்டிப் போய்விடுகிறது என்பதை 1998-இலேயே ஆய்வாளர்கள் கவனித்து 'பேனர் குருட்டுத்தன்மை' என்று பெயர் வைத்தார்கள். தேடும் தகவலே பளிச்சென்ற பெட்டிக்குள் இருந்தாலும், விளம்பரம் என்று நினைத்து ஆட்கள் அதைத் தவறவிட்டார்கள்.

கண் தாண்டிப் போகிறது என்றால் விளம்பரம் என்ன செய்யும்? அசையும், ஒலிக்கும், முழுத்திரையையும் மறைக்கும். அதையும் மூடிவிடுகிறார்கள் என்றால் மூடும் குறியைச் சிறிதாக்கும். விரல் நுனியை விடச் சிறிய பெருக்கல் குறியை, அதுவும் ஐந்து விநாடி கழித்து, மங்கலான நிறத்தில் காட்டும். குறி தவறி விளம்பரத்தின் மேல் விரல் பட்டால் அதுவும் ஒரு கிளிக். ஆசைப்பட்டுத் தொட்டவரையும் தவறித் தொட்டவரையும் மேலோட்டமான கிளிக் கணக்கு பிரித்துப் பார்க்காது. தொந்தரவு செய்வது ஏமாற்றுவதாக மாறும் இடம் இதுதான். அடுத்த படி, போலி மூடும் குறி. அதற்கடுத்தது, கோப்பை இறக்கும் பக்கத்தில் உண்மையான பொத்தானை விடப் பெரிதாகப் பளபளக்கும் போலி 'டவுன்லோட்' பொத்தான். இவற்றை உருவாக்கியவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எந்த வடிவத்துக்கு அதிகக் கிளிக் வருகிறது என்று பரிசோதித்துக்கொண்டே போனாலே வண்டி இந்த ஊருக்குத்தான் வந்து சேரும்.

'திட்டினாலும் பெயர் மனதில் நிற்கிறதே' என்று விளம்பரத் துறையினர் சமாதானம் சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஒன்றை அடிக்கடி பார்த்தாலே அதன்மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஜாயன்ஸ் 1968-இல் காட்டினார். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மை போலவே தோன்றத் தொடங்குகிறது என்று 1977-இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. ஆனால் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு விசை உண்டு. தன் சுதந்திரத்தில் யாரோ கைவைக்கிறார்கள் என்று உணர்ந்தால் மனிதர் முறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவார் என்பது ஜாக் பிரெம் 1966-இல் முன்வைத்த கோட்பாடு. ஐந்து விநாடி காத்திருந்து 'ஸ்கிப்' பொத்தானை அழுத்தும் எவருக்கும் அந்த முறுக்கு நன்றாகவே தெரியும்.

சரி, எரிச்சலுக்கு விலை உண்டா, அதை அளக்க முடியுமா? முடியும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

பாண்டோரா என்ற இணைய வானொலி, கிட்டத்தட்ட 3.5 கோடி நேயர்களை வைத்து 21 மாதங்கள் ஒரு பரிசோதனை நடத்தியது. நேயர்களைப் பல குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு மணிக்கு அதிக விளம்பரம், சிலருக்குக் குறைவு. அதிகம் கேட்டவர்கள் வானொலி கேட்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள், சிலர் விட்டே போனார்கள். இது யாரும் ஊகிக்கக்கூடியதுதான். முக்கியமான விஷயம், அந்த விளைவு மெதுவாக, மாதக்கணக்கில் சேர்ந்தது என்பது. பரிசோதனையை ஒரே மாதத்தில் முடித்திருந்தால் உண்மையான இழப்பில் சிறு பகுதிதான் கண்ணில் பட்டிருக்கும். விளம்பர வருமானமோ முதல் நாளே வந்துவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டிய ஒரு மேலாளர் இந்த இரண்டில் எதைப் பார்ப்பார்?

கூகுள் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் நேரடியானது. தேடல் பக்கத்தில் மோசமான விளம்பரங்களைப் பார்த்த பயனர்கள் நாளடைவில் விளம்பரங்களையே கண்டுகொள்ளாமல் போகிறார்கள், நல்லவற்றைப் பார்த்தால் அந்தக் குருட்டுத்தன்மை குறைகிறது என்பதை நீண்டகாலப் பரிசோதனைகளால் அவர்கள் அளந்தார்கள். அதன் பலனாக மொபைல் தேடலில் காட்டும் விளம்பரங்களின் அளவைப் பாதியாகக் குறைத்ததாகவும் எழுதினார்கள். எரிச்சலைக் கணக்கில் சேர்த்ததும் முடிவே மாறிவிட்டது. இதே நிறுவனத்தை நிறுவிய இருவரும் 1998-இல் மாணவர்களாக எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தால் இயங்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், பயனரின் தேவையிலிருந்து விலகும் என்று எச்சரித்திருந்தார்கள். பிற்பாடு அந்தத் தேடல் பக்கத்தில் விளம்பரங்களைத் தனித்துக் காட்டிய வண்ணப் பின்னணி மறைந்ததும், அடையாளக் குறி வருடத்துக்கு வருடம் அடங்கிப்போனதும் பலரும் கண்ணாரப் பார்த்த கதை.

அளக்க முடியும், அளந்தால் குறைப்பது லாபம் என்றும் தெரிகிறது. பின் ஏன் குறையவில்லை? அந்தப் பரிசோதனைகளைச் செய்தவை, பயனரைத் தன்னுடனேயே வைத்திருக்கும் பெரிய தளங்கள். நேயர் போனால் இழப்பு அவர்களுக்கே. ஒரு சின்னச் செய்தித் தளத்தின் நிலை வேறு. தேடல் வழியாக வந்து ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போகும் வாசகர் மறுபடி வருவாரா என்பதே தெரியாது. இருக்கும் அரை நிமிடத்தில் எவ்வளவு கறக்க முடியுமோ அவ்வளவு லாபம். பொது மேய்ச்சல் நிலத்தில் தன் மாட்டை மட்டும் அடக்கி வைப்பவருக்கு என்ன மிச்சம்? புல்லை அடுத்தவர் மாடு மேய்ந்துவிடும். நாகரிகமாக நடந்துகொள்ளும் தளத்துக்கும் இதே கதிதான்.

வாசகர் பதிலடி கொடுக்கும்போதும் ஆள் பார்த்துக் கொடுப்பதில்லை. உலாவியில் சேர்த்துக்கொண்டால் விளம்பரங்களைத் தடுக்கும் ஆட்-பிளாக்கர் நீட்சிகள் 2002-இலேயே வந்துவிட்டன. ஒரு தளத்தில் பட்ட தொல்லையால் அதை நிறுவுகிறவர், கூடவே நூறு தளங்களின் விளம்பரங்களையும் அடைத்துவிடுகிறார், அதில் ஒழுங்காக நடந்தவர்களும் அடக்கம். வருமானம் குறைந்த தளம், பிளாக்கர் போடாதவர்களுக்கு இன்னும் அதிக விளம்பரம் காட்டுகிறது. அவர்களும் பிளாக்கர் தேடிப் போகிறார்கள். இந்தச் சுழல் பெரிதானதும் 2016-இல் விளம்பர நிறுவனங்களும் தளங்களும் சேர்ந்து 'கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ்' என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அது சகிக்க முடியாதவை என்று வகைப்படுத்திய விளம்பரங்களை மீண்டும் மீண்டும் காட்டும் தளங்களில் கூகுளின் குரோம் உலாவி 2018 பிப்ரவரி முதல் விளம்பரங்களை வடிகட்டத் தொடங்கியது. பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உலகின் மிகப் பெரிய விளம்பர வியாபாரியே எந்த விளம்பரம் சகிக்கத்தக்கது என்று தீர்ப்பு சொல்லும் ஏற்பாட்டை முழுமனதோடு பாராட்ட என்னால் முடியவில்லை.

எல்லோரையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரம் உதாரணம். 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'தூய நகரம்' சட்டம், தெருவோர விளம்பரப் பலகைகளை ஒட்டுமொத்தமாக விலக்கியது. ஆயிரக்கணக்கான பலகைகள் இறங்கின. வியாபாரம் படுத்துவிடும் என்று துறையினர் கூச்சல் போட்டார்கள். நகரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. போட்டியாளரின் பலகையும் சேர்ந்தே இறங்குவதால் ஒருவருக்கு மட்டும் நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பொய் விளம்பரத்தின் கதை இன்னும் பழையது, சட்டம் அங்கே ஓரளவு கைகொடுத்தும் இருக்கிறது. 1891-இல் இங்கிலாந்தில் கார்பாலிக் ஸ்மோக் பால் என்ற நிறுவனம், தன் மருந்துப் பந்தைத் தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் முகர்ந்த பிறகும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. நம்பிக்கைக்கு அடையாளமாக 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருப்பதாகவும் சொன்னது. கார்லில் என்ற பெண்மணி சொன்னபடியே பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது. அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் அதை நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று வாதாடியது நிறுவனம். 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டிருக்கிறேன் என்று சொன்னவர் விளையாட்டாகப் பேசியிருக்க முடியாது என்றது.

விளம்பர உலகம் இந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் 'பொய் சொல்லாதே' என்பதல்ல, 'குறிப்பாக எதையும் சொல்லாதே' என்பதுதான் என்று சில நேரம் தோன்றும். நூறு பவுண்டு, மூன்று வேளை, இரண்டு வாரம் என்று சொன்னால் மாட்டிக்கொள்வாய். 'நம்பமுடியாத பளபளப்பு', 'உங்கள் குடும்பத்தின் தேர்வு' என்றால் யாரும் கேட்க முடியாது. எண் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'வரை' என்று ஒட்டிவிட்டு, ஒரு நட்சத்திரக் குறி போட்டு, மற்றதைப் பொடி எழுத்தில் தள்ளிவிடலாம்.

காட்சியால் சொல்லும் பொய்யைப் பிடிப்பது இன்னும் கஷ்டம். ராபிட் ஷேவ் என்ற சவர நுரையின் அமெரிக்க டிவி விளம்பரத்தில், உப்புத்தாளின் மேல் நுரையைத் தடவி உடனே ஒரே இழுப்பில் மழித்துக் காட்டினார்கள். கேமரா முன் இருந்தது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகையில் தூவிய மணல். நிஜ உப்புத்தாள் என்றால் 80 நிமிடங்கள் ஊறவைக்க வேண்டியிருக்கும். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ஏமாற்று என்றே தீர்த்தது.

பொய்யைப் பிடித்த பிறகும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. லிஸ்டரின் வாய் கழுவி சளித் தொல்லையைத் தடுக்கும் என்று 1921 முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விளம்பரம் செய்யப்பட்டது. தடுக்காது என்று முடிவானதும் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி, விளம்பரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது என்றது. மூன்று தலைமுறை மனதில் பதிந்த நம்பிக்கையை யார் அழிப்பது? அடுத்த ஒரு கோடி டாலர் மதிப்புள்ள விளம்பரங்களில், லிஸ்டரின் சளியையோ தொண்டை வலியையோ தடுக்க உதவாது என்று சேர்க்க வேண்டும் என உத்தரவிட்டது. 1977-இல் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் 'முந்தைய விளம்பரங்களுக்கு மாறாக' என்று ஆணையம் முன்னால் சேர்த்திருந்த சொற்களை மட்டும் நீக்கிவிட்டது. உண்மையைச் சொல்லலாம், முன்பு சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டாம்!

இணையத்தில் பொய்யின் செலவு இன்னும் மலிந்துவிட்டது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்களை மேற்கோள் காட்டி ராய்ட்டர்ஸ் 2025 நவம்பரில் ஒரு செய்தி வெளியிட்டது. மோசடிகள், தடைசெய்யப்பட்ட பொருட்கள் ஆகியவற்றின் விளம்பரங்களால் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் வரும் என்று நிறுவனத்துக்குள்ளேயே மதிப்பிட்டிருந்தார்களாம். அது தோராயமான, மிகைப்படுத்தப்பட்ட மதிப்பீடு என்று மெட்டா மறுத்தது. அதே செய்தியில் இருந்த இன்னொரு தகவல்தான் என் கண்ணை உறுத்தியது. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. சந்தேகம் அதற்குக் குறைவாக இருந்தால், விளம்பரத்துக்குக் கூடுதல் கட்டணம். சந்தேகத்துக்கும் ஒரு விலைப்பட்டியல்.

இன்றைய ஏமாற்று பெரும்பாலும் வாக்கியத்தில் இருப்பதில்லை, பொத்தானில் இருக்கிறது. பயனரைத் தள்ளிக்கொண்டு போகும் இப்படிப்பட்ட வடிவமைப்புகளுக்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும் கவுண்ட்டவுன் கடிகாரம், கூடையில் சொல்லாமல் சேரும் பொருள், 'வேண்டாம், எனக்குப் பணத்தை மிச்சப்படுத்த விருப்பமில்லை' என்று எழுதி மானத்தை வாங்கும் மறுப்புப் பொத்தான். இந்தியா 2023 நவம்பரில் இப்படி 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஐரோப்பாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆருக்குப் பிறகு பெருகிய, நம் இணைய நடமாட்டத்தைக் குறித்துவைக்க அனுமதி கேட்கும் குக்கீ பெட்டிகள் தாங்களே ஒரு தொல்லையாகிப் போயின. ஏற்பதற்கு ஒரு கிளிக், மறுப்பதற்குப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது.

கிளிக்குகளை எண்ணிய அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. எரிச்சலை நேராக அளப்பது கடினம், அதற்கு நிகரானதை எண்ணிவிடலாம். விளம்பர இடைவேளையில் ஒலி ஏறக்கூடாது என்று அமெரிக்கா 2010-இல் கொண்டுவந்த சட்டமும் ஒலியளவைத்தான் அளந்தது. ஆனால் அது தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு எழுதப்பட்டது, ஸ்ட்ரீமிங் அதற்குள் வரவில்லை. சேர்வது எவ்வளவு சுலபமோ விலகுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று எஃப்டிசி 2024 அக்டோபரில் போட்ட விதியை, அதை உருவாக்கிய நடைமுறையில் குறை கண்டு 2025 ஜூலையில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இருந்தும் அமேசான் வழக்கு நின்றது, பழைய சட்டங்களின் பலத்தில். பிரைம் சந்தாவில் மக்களை அறியாமலேயே சேர்த்ததாகவும், விலகுவதைச் சிக்கலாக்கியதாகவும் எஃப்டிசி 2023-இல் தொடுத்த வழக்கு அது. விலகும் வழியில் நான்கு பக்கங்கள், ஆறு கிளிக்குகள், பதினைந்து தேர்வுகள் இருந்ததாக ஆணையம் எண்ணிக் காட்டியது. நிறுவனத்துக்குள் அந்த வழிக்கு வைத்திருந்த பெயர் 'இலியட்', ஹோமரின் முடிவில்லாமல் நீளும் போர்க் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திரும்பக் கொடுப்பதற்கு. பிரைம் வேண்டாம் என்று மறுப்பதற்குத் தெளிவான பொத்தான் வைக்க வேண்டும், சேர்ந்த அதே முறையில் விலகவும் வழி இருக்க வேண்டும் என்பவையும் நிபந்தனைகள்.